எட்டு மெகாபைட் மேகம்

ராஜகீழ்ப்பாக்கம்
3.6.1996

அன்புள்ள பியூலா,

உன் கடிதமும் பிளாப்பியும் சனிக்கிழமை வந்தன. இந்த முறை தபால்காரர் கேட் கம்பியில் செருகாமல் கையிலேயே கொடுத்தார்.

ஆறு பக்கக் கடிதத்தில் நம் புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறாய். மீதி முழுக்க உங்கள் கல்லூரித் தாவரவியல் துறைக்கு வந்திருக்கும் புதுக் கம்ப்யூட்டரும் அதில் உள்ள விண்டோஸ் 95-ம்தான். ஆச்சரியக்குறிகளை எண்ணினேன். முப்பத்தொன்று. அதைப் போட்டதும் திரையில் மேகம் தெரியும் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்த மேகத்துக்கு எட்டு மெகாபைட் ரேம் வேண்டுமாம். என் மெஷினில் இருப்பது நாலு. மேகம் பார்க்க நான் மொட்டைமாடிக்குப் போய்க்கொள்கிறேன்.

நானும் என் வீட்டுக் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும், இருவரும் சேர்ந்து மாற வேண்டும் என்கிறாய். வேண்டாம் என்பதே என் பதில். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரி குளங்களின் செடிகளைப் பற்றி ஐந்து வருஷமாக எழுதுகிறோம். முழுக்க அப்பாதுரை சாரின் தமிழ் புரோகிராமில் அடித்தது. அது டாஸில் ஓடுகிறது. புதியதில் ஓடும் என்று எனக்கு யாரும் காட்டவில்லை. அக்டோபர் கடைசிக்குள் தருவதாகப் பதிப்பாளருக்கு இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இந்த நேரத்தில் ஓடுகிற ஒன்றை நிறுத்திவிட்டு ஓடுமா என்று தெரியாத ஒன்றை ஏற்றுவது எனக்குப் புரியவில்லை.

நம் வேலைமுறையில் என்ன குறை? ஒரே பிளாப்பி. அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் எழுதலாம், மற்றவர் கை வைக்கக் கூடாது. நீ பாளையங்கோட்டைக்கு மாற்றலாகிப் போன அன்று நான் போட்ட விதி. நாலு வருஷமாக ஒரு வரிகூடக் குழம்பியதில்லை.

இவர் உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
திரிபுரசுந்தரி


பாளையங்கோட்டை
10.6.1996

அன்பான அக்கா,

நான் எண்ணினால் இருபத்தெட்டுதான் வருகிறது! கேள்விக்குறிகளையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள் போல!

நம் வேலைமுறையில் என்ன குறை என்று கேட்கிறீர்களே. முப்பது பக்கம் தாண்டினால் அப்பாதுரை சார் புரோகிராம் மூச்சு வாங்குகிறது. தாமரை அத்தியாயத்தை மூன்று துண்டாக வெட்டி வைத்திருக்கிறோம், மூன்றும் ஒன்றாம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் நீங்கள் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அக்கா, இங்கே ஸ்கேனர் வந்திருக்கிறது. நேற்று உங்கள் நீர்முள்ளிப் படத்தை உள்ளே ஏற்றினேன். எழுத்துக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தது! மவுஸால் பிடித்து இழுத்தால் எழுத்தெல்லாம் ஒதுங்கி அதற்கு இடம் விடுகிறது, பஸ்ஸில் கர்ப்பிணிக்கு இடம் விடுவது போல. துறையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் ஹெச்.ஓ.டி., "பியூலா, போதும், கிளாஸுக்குப் போம்மா" என்று சொல்லும்வரை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. உங்கள் தடை ரேம் இல்லை. புதிதாக ஒன்றைப் படிக்கும்போது யாரிடமாவது "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லி உங்களுக்குப் பழக்கமில்லை.

அதனால் உங்களுக்கு ஆபத்தில்லாத ஒரு வழி சொல்கிறேன். படப் பட்டியலும் செடிப்பெயர் அட்டவணையும் உங்கள் மெஷினில்தான் இருக்கின்றன. புத்தகம் சம்பந்தமான அத்தனையையும் பிரதி எடுத்து அனுப்புங்கள், எதையும் விடாமல். நான் இங்கே போட்டு ஓட்டிப் பார்க்கிறேன். உடைந்தால் என் மெஷினில் உடையட்டும். ஓடினால் நீங்கள் மாற வேண்டும். சம்மதமா?

உங்கள்,
பியூலா


ராஜகீழ்ப்பாக்கம்
23.6.1996

அன்புள்ள பியூலா,

கோபமில்லை. "தெரியாது" என்று நான் வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்கிறேன். வகுப்பில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பிறர் வாயால் கேட்டதை நம்பி அனுப்ப மனமில்லாமல், புரோகிராமை எழுதியவரையே பார்க்கப் போனேன். செங்கல்பட்டு வண்டி பிடித்துக் கூடுவாஞ்சேரியில் இறங்கி, பொட்டல் மனைகளுக்கு நடுவில் வீடு கண்டுபிடிக்க அரைமணி ஆயிற்று. எல்லா மனைக்கும் ஏதாவது ஒரு நகர் என்று பலகை இருக்கிறது, வீடுதான் இல்லை. அப்பாதுரை சார் ரயில்வேயில் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று உனக்குத் தெரியும். லுங்கியோடு கதவைத் திறந்தவர், என்னைப் பார்த்ததும் உள்ளே போய் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஓடும் மேடம். ஓடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லவில்லை. ஓடும் என்றும் யாரும் சொல்லவில்லை."

"நான் சொல்றேனே."

"நீங்கள் அதில் ஓட்டிப் பார்த்தீர்களா?"

"அதெப்படி? என்கிட்ட விண்டோஸ் 95 இல்லையே!"

பிறகு ஒரு ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினார். விண்டோஸுக்கென்றே ஒரு தமிழ் எழுத்துரு செய்துகொண்டிருக்கிறாராம். நம் பழைய கோப்புகளை அதற்கு மாற்றித்தர ஒரு சின்ன புரோகிராமும் எழுதுகிறாராம். "எல்லாம் முடிஞ்சுது மேடம். ஞ மட்டும் பாக்கி. வாலு சரியா விழ மாட்டேங்குது." எழுபத்தெட்டு விதமான வாலைக் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்தேன். நாற்பத்திரண்டாவது நன்றாக இருக்கிறது என்றேன். அவரும் அதைத்தான் நினைத்தாராம்.

திரும்பும்போது வண்டியில் உட்கார்ந்து என் பிரயாணச் சீட்டின் பின்புறம் ஞ எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பிரதி எடுக்க, தாம்பரத்தில் டிவி மெக்கானிக்காக இருந்து இப்போது கம்ப்யூட்டர் பார்க்கும் சிட்டிபாபுவை வரச்சொன்னேன். மூடியைக் கழற்றியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா மேடம், நாலு எம்பி தான் கீது. இத்த வச்சுகினு எப்டி மேடம் காலம் தள்றீங்கோ?"

"காலம் தள்ளவில்லை. புத்தகம் எழுதுகிறேன்."

"எட்டு போட்டா சும்மா பிச்சுகினு போவும் மேடம்."

"எங்கே போகும்?"

நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் மூன்று பிளாப்பியில் ஏற்றி முடித்திருந்தார். "புக் டைரக்டரி உள்ளாற கீறது அத்தினியும் வந்துடும் மேடம். ஒண்ணு வுடாது" என்றார். மூன்றையும் இத்துடன் அனுப்புகிறேன். ஓடினால் மாறுவேன் என்று சொல்லவில்லை. ஓடினால் யோசிப்பேன்.

அன்புடன்,
திரிபுரசுந்தரி


பாளையங்கோட்டை
2.7.1996

மதிப்பிற்குரிய மேடம்,

மூன்று பிளாப்பிகளும் கிடைத்தன. அப்பாதுரை சாரின் புரோகிராம் விண்டோஸ் 95-இல் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது. நீங்கள் கேட்ட விஷயம் இதுதான் என்பதால் முதலில் சொல்லிவிட்டேன்.

புக் டைரக்டரிக்குள் 'டவுட்' என்ற பெயரில் இன்னொரு டைரக்டரி இருக்கிறது. அதில் ஒன்பது கோப்புகள். ஒன்பதும் நான் எழுதிய அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி இருக்கிறது. என்னிடம் உள்ள ரெஜிஸ்டர் தபால் ரசீதுகளோடு ஒத்துப் பார்த்தேன். பிளாப்பி என்னிடம் இருந்த நாட்களில்தான் நீங்கள் அவற்றை மாற்றியிருக்கிறீர்கள். நாலு வருஷமாக.

முதல் கோப்பைத் திறந்தேன். "இந்த இலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு தூங்கும்" என்று நான் எழுதியிருந்தேன். "இலைகள் நீர்ப்பரப்பில் மிதப்பவை" என்று ஆகியிருக்கிறது. மூடிவிட்டேன். மற்ற எட்டையும் பார்க்க விருப்பமில்லை.

மாற்ற வேண்டியிருந்தால் எழுதியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதானே. அந்த விதியைப் போட்டது யார் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள்.

என் பெயரை எடுத்துவிட்டு நீங்களே புத்தகத்தைக் கொடுத்துவிடலாம். என் அத்தியாயங்கள் வேண்டுமானால் உங்கள் நடையிலேயே இருக்கட்டும். நீங்கள் கம்ப்யூட்டரை மாற்றுவதும் மாற்றாததும் இனி உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
பியூலா


ராஜகீழ்ப்பாக்கம்
8.7.1996

அன்புள்ள பியூலா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இதையும் கிழித்துவிடாமல் இருக்க நேராகத் தபால் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசையில் பசை ஒட்டுகிறது. பொறுத்துக்கொள்.

நீ சொன்னது எல்லாம் உண்மை. விதி நான் போட்டது, மீறியதும் நான்தான். பிளாப்பியை உனக்கு அனுப்புமுன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வேன். அழிந்துவிடுமோ என்ற பயத்தில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன்னை நம்பவில்லை. நீ இங்கிருந்து போய்விட்டாய், நினைவிலிருந்து எழுதுகிறாய், அழகாக எழுதுகிறாய். அழகாக எழுதுகிறவர்கள் சரிபார்க்க மாட்டார்கள் என்று எனக்கு எண்ணம். அதனால் உன் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். செம்பாக்கம், சேலையூர், இரும்புலியூர், எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் ஏரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய் உன் தவறுகளைத் தேடினேன். இதற்குமேல் இதை நல்லவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீ திறந்தது முதல் கோப்பு. அது 92-ஆம் வருஷத்தியது. அதில் நாற்பது இடத்தில் மாற்றியிருக்கிறேன். மாற்றி முடித்துப் படித்துப் பார்த்தபோது அதில் செடியே இல்லை, சொற்கள்தான் இருந்தன. அதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அதனால் சொல்லவில்லை.

மற்ற எட்டையும் திறந்து பார். நான்காவதில் திருத்தம் குறைந்திருக்கும். ஏழாவதில் நான் திருத்தவே இல்லை, ஓரத்தில் குறிப்புகள் மட்டும். "போய்ப் பார்த்தேன், இருக்கிறது." "பார்த்தேன், சரி." இப்படியே பக்கம் பக்கமாக.

ஒன்பதாவது, இரும்புலியூரில் தண்டவாளத்தை ஒட்டிய குட்டை. அதில் யூட்ரிகுலேரியா பார்த்ததாக நீ எழுதினாய். தண்ணீருக்குள் சின்னச் சின்னப் பைகளை வைத்துக்கொண்டு பூச்சியை உறிஞ்சிப் பிடிக்கிற செடி, அந்த அழுக்குக் குட்டையில் எப்படி இருக்கும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மாதிரி எடுத்து வைக்காததால் புத்தகத்தில் போடக் கூடாது என்று உன்னோடு எவ்வளவு வாதாடினேன். போன டிசம்பர் பதினேழாம் தேதி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினேன். மேலே ஒரு மஞ்சள் பூ, கடுகை விடக் கொஞ்சம்தான் பெரியதாகத் தெரிந்தது. தண்டைத் தூக்கினேன். பைகள் இருந்தன, பியூலா. வரிசையாக. லென்ஸை வைத்தேன், ஒரு பைக்குள் ஏதோ கால் உதைத்துக்கொண்டிருந்தது. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த கிளியம்மாளிடம் "இருக்குது! இருக்குது!" என்று கத்திவிட்டேன். அந்த அம்மாள், "இன்னாம்மா, நகை கெடைச்சுதா?" என்று ஓடி வந்தார். செடியைக் காட்டினேன். "இத்துக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நாலு வருஷத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். எழுதவில்லை. ஏழு மாதமாக அந்தச் சந்தோஷத்தை ஒரு டைரக்டரிக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

அந்தக் குட்டையில் இப்போது பாதிக்கு மண் கொட்டிவிட்டார்கள். அதையும் சொல்லாமல் இருந்தேன். உனக்குப் பிடித்த இடம் என்று.

உன் பெயர் இல்லாமல் இந்தப் புத்தகத்தை நான் கொடுக்க மாட்டேன். உன் முடிவைக் கேட்டுத்தான் பதிப்பாளருக்கு எழுதுவேன்.

திரிபுரசுந்தரி


பாளையங்கோட்டை
17.7.1996

அக்கா,

எட்டையும் படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. கோபம் போகவில்லை, ஆனால் கோபப்படுவதற்கு நடுவில் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆறாவது கோப்பில் "மறுபடி போனேன். மறுபடியும் பியூலா சொன்னதுதான் சரி. எரிச்சலாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்!

டிசம்பர் பதினேழு! அக்கா, நீங்கள் எழுதியதை லேபில் நின்றுகொண்டு படித்தேன். மாணவிகள் இருந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் ஒருத்தி பீக்கரைப் போட்டு உடைத்துவிட்டாள். ஏழு மாதமாகவா மறைத்தீர்கள்! உங்களை என்ன செய்வது! மாதிரி எடுத்தீர்களா? எங்கே வைத்திருக்கிறீர்கள்? குட்டை எந்தப் பக்கம் மூடியிருக்கிறது, தண்டவாளத்துப் பக்கமா, தெருப் பக்கமா? அடுத்த கடிதத்தில் படம் போட்டு அனுப்புங்கள்.

இப்போது என் முடிவு. நன்றாகக் கேளுங்கள்.

பழைய மெஷினில் உங்களோடு என்னால் இனிமேல் எழுத முடியாது. அதில் நீங்கள் என் வரியை மாற்றினால் என் வரி போய்விடும், மாற்றிய தடமே இருக்காது. விண்டோஸ் 95-இல் வேர்டு என்ற எழுதும் புரோகிராமைப் போட்டால் அதில் ஒரு வசதி இருக்கிறது. நேற்று சாயங்காலம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மாற்றினால், பழைய வரி அழியாது. அதன் குறுக்கே கோடு விழும். புது வரி பக்கத்திலேயே சிவப்பில் வரும். யார் மாற்றினார், எந்தத் தேதி என்பதும் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு திருத்தமாக நிறுத்தி, ஏற்கிறாயா, நிராகரிக்கிறாயா என்று அதுவே கேட்கும்!

நீங்கள் என் வரியை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள். ஆனால் எனக்குத் தெரிகிற மாதிரி மாற்றுங்கள். அதற்கு நீங்கள் மாறியாக வேண்டும். மாறினால் நான் இருக்கிறேன், அக்டோபருக்குள் முடிப்போம், இரண்டு பேர் பெயரும் அட்டையில் வரும். இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள். இது மிரட்டல்தான்.

பியூலா

பி.கு. மேகம் உண்மையிலேயே அழகாக இருக்கும்.


ராஜகீழ்ப்பாக்கம்
3.8.1996

அன்புள்ள பியூலா,

மாறிவிட்டேன்.

வியாழக்கிழமை கல்லூரிக்கு விடுப்பு சொன்னேன். எதற்கு என்று முதல்வர் கேட்டார். வீட்டில் ஒரு விசேஷம் என்றேன். இருபத்து மூன்று வருஷ வேலையில் இது என் முதல் பொய்.

சிட்டிபாபு ஒன்பது மணிக்கு ரேமையும் பதின்மூன்று பிளாப்பிகளையும் கொண்டுவந்தார். ஒரிஜினல்தானா என்று கேட்டேன். "பில்லோட கீது மேடம், நீங்க கேப்பீங்கன்னு தெரியும்" என்றார். முதல் பிளாப்பி உள்ளே போனதிலிருந்து நான் நாற்காலியில் உட்காரவில்லை. நீலக் கோடு நகர நகர, இரண்டாவது போடு, மூன்றாவது போடு என்று கேட்கிறது. எடுத்துக் கொடுக்கும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன். பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி நிற்கிறாய் என்று இவர் அறைவாசலில் இருந்து சொன்னார். ஏழாவது பிளாப்பி பாதியில் இருக்கும்போது, பகல் பதினொன்றே கால், கரண்ட் போய்விட்டது.

"பேஜாரு மேடம் இந்தக் கரண்டு" என்றார் சிட்டிபாபு.

"பாதியில் நின்றால் என்ன ஆகும்?"

"தெரில மேடம். எனக்கு இதான் ரெண்டாவது."

"முதலாவது?"

"அத்த வுடுங்க மேடம்."

ஒரு மணி நேரம் அந்த இருட்டுத் திரைக்கு எதிரே நின்றேன். பிரதிகள் உன்னிடம் இருக்கின்றன என்று தெரியும். ஆனாலும் மீதி ஆறு பிளாப்பிகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். கரண்ட் வந்ததும் சிட்டிபாபு கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். என்ன வந்தது தெரியுமா? முன்பு பாதியில் நின்றுவிட்டது, விட்ட இடத்திலிருந்து தொடரட்டுமா என்று அதுவே கேட்டது! "கேக்குது மேடம், கேக்குது!" என்று அவர் எழுந்து நின்றுவிட்டார். நான் கை தட்டினேன் என்று இவர் சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

மதியம் மூன்று மணிக்கு மேகம் வந்தது. நான் நினைத்ததைவிட நீலமாக இருந்தது. அதைப் பற்றி இவ்வளவுதான் ஒப்புக்கொள்வேன்.

அன்று சாயங்காலமே சிட்டிபாபு வேர்டையும் ஏற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை அப்பாதுரை சார் தன் எழுத்துருவை எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரியிலிருந்து தானே வந்துவிட்டார். நம் கோப்புகள் மாறி வர வர, ஒவ்வொரு ஞ-விலும் நிறுத்தி வாலைப் பார்த்தார். வால் சரியாக விழுகிறது. சிட்டிபாபுவையும் அவரையும் ஒரே அறையில் வைத்துக் காபி கொடுப்பது சுலபமில்லை. இருவருமே மவுஸை விட மாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டேன். உன் முதல் அத்தியாயத்தை, நீ எழுதியபடியே திறந்தேன். திருத்தங்களைக் காட்டும் வசதியைப் போட்டுவிட்டு, 92-இல் செய்த நாற்பதையும் ஒன்று விடாமல் மறுபடி செய்தேன். நீ சொன்னபடியேதான். உன் வரிமேல் கோடு, பக்கத்தில் என் வரி சிவப்பில், என் பெயர். ஒரு பக்கம் முழுக்கச் சிவந்திருந்தது. என் மாணவிகளின் விடைத்தாளில்கூட நான் இவ்வளவு சிவப்பு போட்டதில்லை.

பிறகு முதலாவதிலிருந்து ஆரம்பித்தேன். ஏற்கிறாயா, நிராகரிக்கிறாயா என்று கேட்டது. "இலைகள் நீர்ப்பரப்பில் மிதப்பவை." நிராகரித்தேன். சிவப்பு மறைந்தது, கோடு மறைந்தது, உன் இலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு தூங்கியது. அடுத்தது. நிராகரித்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்துவிட்டது. முப்பத்தேழு முறை அழுத்தினேன்.

மூன்றை நிராகரிக்கவில்லை, ஏற்கவும் இல்லை. உன் முடிவுக்காகச் சிவப்பிலேயே விட்டிருக்கிறேன். ஒன்று, ஒரு லத்தீன் பெயர். நீ பழைய பெயரைப் போட்டிருக்கிறாய், சண்டைக்கு வராதே. இரண்டு, கோரையின் உயரம். மூன்றாவது நீல அல்லி. காலை ஏழு மணிக்குக் கண் திறக்கும் என்று நீ எழுதினாய். எட்டு மணிக்கு என்று நான் மாற்றினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுத்தான் மாற்றினேன். ஆனால் இன்று உட்கார்ந்து யோசித்தால், அந்த நான்கு முறையும் நான் ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததே ஏழரைக்கு மேல்தான். போனபோது பூக்கள் திறந்திருந்தனவா, பாதி திறந்திருந்தனவா என்று என் குறிப்பில் இல்லை. உன்னைச் சரிபார்த்தேனே தவிர, என்னைச் சரிபார்க்கவில்லை.

நாளை ஞாயிறு. ஆறரைக்கே கரையில் இருக்கப் போகிறேன். இந்தக் கடிதத்தையும் பிளாப்பியையும் நீ கேட்ட குட்டைப் படத்தையும் உறையை ஒட்டாமல் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

4.8.1996, காலை 8.20

ஏழு மணி பத்து நிமிஷம். மூன்று பூ.

உன் வரியை வைத்துவிட்டேன்.

திரிபுரா